இரண்டாம் வில்லியம் பேர்டின் நாட்குறிப்பு: ஒரு தோட்ட உடைமையாளரின் குடும்பம்

இரண்டாம் வில்லியம் பேர்ட் (மார்ச் 28, 1674 – ஆகஸ்ட் 26, 1744) ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவின் பெரும் தோட்ட உடைமையாளர்களுள் ஒருவர். வழக்கறிஞர், ஆளுநர் மன்ற உறுப்பினர், எழுத்தாளர், நூல் சேகரிப்பாளர். ரிச்மண்ட் நகரை நிறுவியவர். அவர் சுருக்கெழுத்தில் எழுதிவந்த நாட்குறிப்பின் மூன்று பகுதிகள் 20-ஆம் நூற்றாண்டில் வாசித்தறியப்பட்டு நூல்களாயின. குடியேற்றக் கால அமெரிக்கத் தோட்ட வாழ்க்கையை உள்ளிருந்து காட்டும் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாக இந்நாட்குறிப்பு கருதப்படுகிறது.

இந்நாட்குறிப்பை வெளிப்படையான தன்வரலாறாகப் போற்றியவர்கள் உண்டு. ஒரு கொடியவனின் ஒப்புதல் வாக்குமூலமாக வாசித்தவர்களும் உண்டு. இரண்டு வாசிப்புகளும் பேர்டின் மனத்தையே தேடுகின்றன. இக்கட்டுரை அவரது வாக்கியங்களின் அமைப்பைப் பார்க்கிறது. ஒரு தோட்ட உடைமையாளர் ‘குடும்பம்’ என்று எதைக் கருதினார், அதற்குள் யாருக்கு எவ்வளவு இடம் தந்தார் என்பதை அந்த அமைப்பே தெளிவாகச் சொல்கிறது.

குடும்பப் பின்னணி

பேர்டின் தந்தை முதலாம் வில்லியம் பேர்ட் லண்டன் பொற்கொல்லர் ஒருவரின் மகன். வர்ஜீனியாவில் இருந்த தாய்மாமனின் நிலங்களுக்கு வாரிசாகி அங்கே சென்றார். ஜேம்ஸ் ஆற்றின் அருவிகளுக்கு அருகே இருந்துகொண்டு செவ்விந்தியர்களுடன் தோல் வணிகம் செய்தார். புகையிலை பயிரிட்டார். அடிமை வணிகத்திலும் ஈடுபட்டார். தாய் மேரி ஹார்ஸ்மாண்டன் ஆங்கில உயர்குடியினர். ஒரே தலைமுறையில் கைவினைஞர் குடும்பம் நிலவுடைமைக் குடும்பமாகியது. அந்த உயர்வு எவ்வளவு புதியது என்பதை மகன் மறக்கவே இல்லை. அவர் வாழ்நாள் முழுவதும் ஆங்கிலக் கனவானாக நடக்க முயன்றதன் வேர் இங்கே இருக்கிறது.

கல்வி, லண்டன் வாழ்க்கை

பேர்ட் 1681-ல், ஏழு வயதில், கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தாய்வழி உறவினர்களின் பொறுப்பில், எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ஃபெல்ஸ்டட் பள்ளியில் பயின்றார். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு, பிரெஞ்சு, இத்தாலியன் ஆகிய மொழிகளை வாசிக்கக் கற்றார். லண்டன் வணிக நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற்றபின் 1692-ல் மிடில் டெம்பிளில் சட்டம் படிக்கச் சேர்ந்து 1695-ல் வழக்கறிஞரானார்.

1696-ல், 22 வயதில், ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரை, உடலில் வெண்புள்ளிகள் தோன்றிய ஒரு கறுப்பினச் சிறுவனைப் பற்றியது. அச்சிறுவன் அக்கட்டுரையில் ஆய்வுப்பொருள் மட்டுமே. பேர்டின் அச்சேறிய முதல் எழுத்துகளுள் ஒன்றிலேயே, பின்னாளைய நாட்குறிப்பின் பார்வைக்கோணம் இருக்கிறது. கவனம் கூர்மையானது, விவரம் துல்லியமானது. ஆனால் பார்க்கப்படுபவர் எதையேனும் உணரக்கூடும் என்ற எண்ணம் அதில் இல்லை.

முதல் திருமணமும் பார்க் கடனும்

தந்தை 1704 டிசம்பரில் இறந்தார். பேர்ட் 1705-ல் வர்ஜீனியா திரும்பி வெஸ்ட்ஓவர் தோட்டத்தையும் சுமார் 26,000 ஏக்கர் நிலத்தையும் அடிமைகளையும் பெற்றுக்கொண்டார். 1706-ல் லூசி பார்க்கை மணந்தார்.

லூசியின் தந்தை டேனியல் பார்க், 1704-ல் பிளென்ஹைம் போரின் வெற்றிச் செய்தியை அரசி ஆனிடம் கொண்டுசென்ற தூதர். அதன் பயனாக லீவர்டு தீவுகளின் ஆளுநரானார். 1710 டிசம்பரில் ஆன்டிகுவாவில் கிளர்ந்தெழுந்த குடியேறிகள் அவரைக் கொன்றனர். அவரது வர்ஜீனியச் சொத்துகள் மூத்த மகள் ஃபிரான்சஸுக்குச் சென்றன. லூசிக்கு எழுதப்பட்டது 1000 பவுண்டு மட்டுமே. ஃபிரான்சஸின் கணவர் ஜான் கஸ்டிஸுடன் பேர்ட் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். பார்க்கின் நிலங்களையும் அடிமைகளையும் தான் எடுத்துக்கொண்டு, அவரது கடன்களுக்கும் பொறுப்பேற்றார். கடன் அவர் கணக்கிட்டதைவிடப் பெரிதாக இருந்தது. வாழ்நாளின் பெரும்பகுதியை அதைத் தீர்ப்பதிலேயே செலவிட்டார். (கஸ்டிஸ்–ஃபிரான்சஸ் இணையரின் மகனே, பின்னர் ஜார்ஜ் வாஷிங்டனை மணந்த மார்த்தாவின் முதல் கணவர்.)

வர்ஜீனியத் தோட்ட உடைமையாளர்களிடையே திருமணம் நிலத்தையும் கடனையும் அடிமைகளையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றும் ஏற்பாடாக இருந்தது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. பார்க்கின் சொத்தோடு கைமாறிய அடிமைகளுக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் இருந்தனர். கஸ்டிஸ், பேர்ட் இருவருக்கும் அவர்கள் கடனுக்கு ஈடான மதிப்புகள்.

நாட்குறிப்பு

பேர்ட் பல்லாண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். மூன்று பகுதிகள் மட்டுமே கிடைத்துள்ளன: 1709–1712 (வர்ஜீனியா), 1717–1721 (பெரும்பகுதி லண்டன்), 1739–1741 (முதுமைக்கால வர்ஜீனியா). வில்லியம் மேசன் உருவாக்கிய சுருக்கெழுத்து முறையில் அவை எழுதப்பட்டுள்ளன. மேரியன் டின்லிங் அவற்றை வாசித்தறிந்தார். முதற்பகுதி லூயிஸ் ரைட், டின்லிங் இருவரின் பதிப்பில் 1941-ல் வெளிவந்தது. இறுதிப்பகுதி மாட் வுட்ஃபின் பதிப்பில் 1942-லும், லண்டன் பகுதி 1958-லும் வெளிவந்தன.

நாட்குறிப்பின் ஒவ்வொரு நாளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. எழுந்த நேரம், ஹீப்ரு பைபிளில் ஓர் அத்தியாயம், சில வரிகள் கிரேக்கம், பிரார்த்தனை, காலை உணவாகப் பால், பின்னர் ‘நடனம்’ (இது அவர் தினமும் செய்த உடற்பயிற்சி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்), கணக்குவழக்கு, உண்ட ஒரே ஒரு பதார்த்தம், தோட்டத்தைச் சுற்றிய நடை, இரவுப் பிரார்த்தனை. இறுதியில் அன்றைய உடல்நிலை, எண்ணங்கள், மனநிலை மூன்றையும் குறித்துக் கடவுளுக்கு நன்றி. பிரார்த்தனையை மறந்த நாளில் அதையும் எழுதுகிறார். மனைவியுடன் உறவுகொண்டதை எழுதுகிறார். பிற பெண்களிடம் சென்றதையும், அதற்காக மன்னிப்பு வேண்டியதையும் எழுதுகிறார்.

இது உணர்வுகளைக் கொட்டும் நாட்குறிப்பு அல்ல. தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் பேரேடு. வணிகர் நாளின் முடிவில் வரவு செலவை நேர்செய்வதுபோல, பேர்ட் நாளின் முடிவில் தன்னை நேர்செய்கிறார். தன்னை ஆள முடிந்தவனே பிறரை ஆளத் தகுதியானவன் என்பது அக்கால ஆங்கிலக் கனவான்களின் நம்பிக்கை. காலை ஐந்து மணிக்கு எழுவதும், ஒரே ஒரு பதார்த்தம் உண்பதும், கிரேக்கம் வாசிப்பதும் அந்தத் தகுதியை நாள்தோறும் புதுப்பித்துக்கொள்ளும் முயற்சிகள்.

ஒரே அளவுள்ள வாக்கியங்கள்

1709 பிப்ரவரியில் ஒரு நாளின் பதிவு இந்நாட்குறிப்பின் இயல்பை முழுமையாகக் காட்டுகிறது. பேர்ட் ஐந்து மணிக்கு எழுகிறார். ஹீப்ருவில் ஓர் அத்தியாயமும் ஹோமரின் ஒடிசியில் 200 வரிகளும் வாசிக்கிறார். பால் அருந்துகிறார். பிரார்த்தனை செய்கிறார். ஜென்னிக்கும் யூஜினுக்கும் சவுக்கடி கொடுக்கப்படுகிறது. அவர் தன் நடனத்தை ஆடுகிறார். காலையில் சட்டமும் பிற்பகலில் இத்தாலியனும் வாசிக்கிறார்.

மேற்கண்ட செயல்களை வரிசையாகச் சொல்லும் ஆங்கில வாக்கியங்களில் ஒன்றைத் தவிர மற்றவை ‘நான்’ என்று தொடங்குபவை. சவுக்கடி வாக்கியம் மட்டும் செயப்பாட்டுவினையில் இருக்கிறது. அடித்தவர் யார், ஏன் அடித்தார் என்பது அதில் இல்லை. பால் குடித்ததற்குக்கூட ஓர் எழுவாய் இருக்கிறது, அடித்ததற்கு இல்லை.

தமிழில் இதை மொழிபெயர்ப்பவர் ஒரு சிக்கலைச் சந்திப்பார். ‘நான்’ என்பதை விட்டுவிட்டாலும் ‘எழுந்தேன், வாசித்தேன், அருந்தினேன்’ என்று வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். அந்த வரிசையில் சவுக்கடி வாக்கியத்தை எப்படி எழுதுவது? ‘அடித்தேன்’ என்றால் மூலத்தில் இல்லாத பொறுப்பை ஏற்றுவதாகும். ‘அடி வாங்கினார்கள்’ என்றால் அடியே அவர்களின் செயலாகிவிடும். பேர்ட் எழுதியது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. காலையில் வெயில் வந்தது என்பதுபோல அடி நிகழ்ந்தது. தோட்டத்தின் அன்றாட ஒழுங்கில் அதற்குத் தனியாக ஒரு கர்த்தா தேவைப்படவில்லை.

இச்சமநிலை அடிமைகள் விஷயத்தில் மட்டும் தோன்றுவதல்ல. 1710 ஜூன் 3 அன்று அவரது ஒன்பது மாத மகன் பார்க் இறந்தான். அன்றைய பதிவில், காலை எட்டு மணியளவில் குழந்தை இறந்ததையும், கொடுத்தவரும் எடுத்தவரும் கடவுளே என்பதையும் குறிக்கிறார். மனைவி பெரிதும் வருந்தினாள், தான் அவளைவிட நன்றாகக் கடவுளின் தீர்ப்புக்குப் பணிந்ததாகச் சொல்கிறார். தொடர்ந்து, வறுத்த ஆட்டிறைச்சி உண்டது, வயிற்றுவலி, மழை, மாலையில் தானும் தன் பாவப்பட்ட மனைவியும் தோட்டத்தில் நடந்தது எல்லாம் வருகின்றன. இரவுப் பிரார்த்தனையைத் தவறவிட்டார். உடல்நிலை சுமார், எண்ணங்களும் மனநிலையும் நன்று, கடவுளுக்கு நன்றி.

பேர்ட் உணர்ச்சியற்றவர் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. மகன் இறந்த நாளிலும் அச்சு மாறவில்லை. ஆனால் அந்த அச்சுக்குள்ளேயே விரிசல் தெரிகிறது. பிரார்த்தனை தவறுகிறது. மனைவியைப் பற்றிய சொல்லில் இரக்கம் வருகிறது. தோட்டத்தில் இருவரும் நடக்கிறார்கள். எழுதும் முறையை மாற்றிக்கொள்ளாமலேயே துயரத்துக்கு ஓர் இடத்தை அவரால் உண்டாக்க முடிகிறது. அப்படியானால், வேறு சிலரின் துயரத்துக்கு அந்த இடம் ஏன் இல்லை என்பதே இந்நாட்குறிப்பின் முன் வைக்க வேண்டிய கேள்வி.

ஜென்னி, யூஜின்

பார்க் இறந்து சரியாக ஆறு வாரங்கள் கழித்து, 1710 ஜூலை 15 அன்று, தன் விருப்பத்துக்கு மாறாக லூசி சிறிய ஜென்னிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடச் செய்ததாகவும், அதற்காகத் தான் அவளுடன் சண்டையிட்டதாகவும் பேர்ட் குறிக்கிறார். அடுத்த வாக்கியம் அன்றைய வெயிலைப் பற்றியது. வெப்பம் மிகுதியாக இருந்ததால் அண்டை வீட்டுக் கர்னலின் கப்பல் வெள்ளோட்டத்துக்குப் போக அவர் எண்ணவில்லை. பின்னர் கர்னலே வந்து அழைத்துச் செல்கிறார்.

குழந்தையை இழந்த தாயின் மனக்கொந்தளிப்பையும் அந்த இரும்பையும் இணைத்து வாசிக்கத் தோன்றும். நாட்குறிப்பு அப்படி இணைக்கவில்லை. அப்படி இணைத்தாலும் அது ஜென்னியின் தோலில் பட்ட சூட்டைக் குறைக்காது. மேலும், பேர்ட் பதிவு செய்வது ஜென்னிக்கு நேர்ந்ததை அல்ல, தன் ‘விருப்பத்துக்கு மாறாக’ நடந்ததை. வாக்கியத்தின் மையம் வீட்டில் யாருடைய சொல் செல்லும் என்பதுதான். ஜென்னியின் காயத்துக்கு மருந்திடப்பட்டதா, அவள் அழுதாளா, அவளுக்குத் தாய் அங்கே இருந்தாளா என்பதெல்லாம் வாக்கியத்துக்கு வெளியே இருக்கின்றன.

1712 மார்ச்சில் இதே முரண் மீண்டும் வருகிறது. லூசி ஜென்னியை இடுக்கியால் அடித்தபோது பேர்ட் அவளைப் பிடுங்கி அப்பால் கொண்டுசெல்கிறார். லூசி கணவனை அடிக்கக் கையை ஓங்கித் தன்னை அடக்கிக்கொள்கிறாள், திட்டுகிறாள், தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ள முயல்கிறாள். அது வெறும் பாசாங்கு என்று தான் நம்புவதாக பேர்ட் எழுதுகிறார். அதற்கு ஓராண்டு முன்னர், 1711 பிப்ரவரியில், வில்லியம்ஸ்பர்க் செல்லும் முன் லூசி புருவ முடியைப் பிடுங்கிச் சீராக்க விரும்பியதற்கும் இருவரும் சண்டையிட்டனர். தன் அதிகாரம் நிலைத்தது என்று அப்போது நிறைவோடு குறித்திருந்தார்.

இந்த மூன்று பதிவுகளையும் சேர்த்து வாசித்தால் வெஸ்ட்ஓவர் வீட்டின் அமைப்பு புரியும். லூசிக்குத் தன் புருவத்தின் மீதுகூட உரிமை இல்லை. தந்தையின் சொத்தும் அவளுக்கு வரவில்லை. அவளுக்கு மிஞ்சிய ஒரே அதிகாரம் ஜென்னியின் உடல்மீதானது. பேர்ட் குறுக்கிடும்போது ஜென்னியைக் காப்பதுடன், அந்த அதிகாரமும் தன்னுடையதே என்பதை நிலைநாட்டுகிறார். கணவன் மனைவி பூசலில் அடிபட்டவள் ஒரு சிறுமி. அவள் அப்பூசலின் களம்.

பேர்ட் ஜென்னியைக் காக்கும் நல்லவராகத் தோன்றும் இடங்களில் யூஜினை நினைவில் கொள்ள வேண்டும். படுக்கையை நனைத்த குற்றத்துக்காக, 1709 டிசம்பரில், வீட்டு வேலைச் சிறுவனான யூஜினைச் சிறுநீர் குடிக்க வைத்ததாக அவர் இருமுறை குறிக்கிறார். இங்கே ‘நான்’ தயங்காமல் வருகிறது. தண்டனை புதுமையாக இருக்கும்போது அதன் கர்த்தா தன் பெயரை வைக்கிறார். வழக்கமான சவுக்கடிக்கு மட்டுமே எழுவாய் தேவைப்படவில்லை.

நோயும் பாவமும்

1710–11 குளிர்காலத்தில் வெஸ்ட்ஓவரிலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் நோய் பரவிப் பல அடிமைகள் இறந்தனர். பேர்ட் நாள்தோறும் அவர்களைச் சென்று பார்த்தார். வாந்தி மருந்து கொடுத்தார், இரத்தம் எடுக்கச் செய்தார். அவர் இப்பணியில் அக்கறையோடு உழைத்தார் என்பதில் ஐயமில்லை. ஆண்டின் இறுதி நாட்களில் ஒரு பிரார்த்தனையைக் குறிக்கிறார். இந்த ஏழை மக்கள் தன் பாவங்களுக்காகத் துன்புறுகிறார்கள், தன்னை மன்னித்து அவர்களைக் குணமாக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

நாட்குறிப்பு முழுவதிலும் பேர்ட் தன் அடிமைகளின் துன்பத்துக்கு மிக அருகே வரும் இடம் இது. அந்த இடத்திலும் அவர்களின் மரணம் அவருடைய ஆன்மிகக் கணக்கின் ஒரு வரியாகிறது. வேதாகமத்தில் தந்தையரின் பாவம் பிள்ளைகளின் மேல் வருவதுபோல, உடைமையாளரின் பாவம் உடைமைகளின் மேல் வருகிறது. அவர்கள் தமக்கென ஒரு சாவைக்கூடச் சாக முடியவில்லை.

இங்கிலாந்திலிருந்து நிலையாகத் திரும்பிய பிறகு, 1726-ல் ஆரரி பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் பேர்ட் தன்னை பைபிளின் முதுபெரும் தந்தையரோடு ஒப்பிட்டுக்கொண்டார். தன் ஆடுமாடுகளையும் தன் அடிமை ஆண்களையும் பெண்களையும் ஒரே மூச்சில் சொன்னார். தன் தோட்டத்தைத் தன்னிறைவு பெற்ற ஓர் உலகமாக வருணித்தார். அமெரிக்க இலக்கிய வரலாறுகளில் பெரிதும் எடுத்தாளப்பட்ட பகுதி இது. நாட்குறிப்பை வாசித்தவர்களுக்கு அக்கடிதத்தின் அமைதி வேறுவிதமாக ஒலிக்கும். கடிதம் தோட்டத்தைத் தொலைவிலிருந்து காட்டுகிறது. நாட்குறிப்பு அதே தோட்டத்தில் நாள்தோறும் நடந்ததைக் காட்டுகிறது. ‘என் ஆட்கள்’ என்று இரண்டிலும் அவர் உரிமை கொண்டாடியவர்கள் ஒருவரே.

எல்லைக்கோட்டின் இரு வரலாறுகள்

1728-ல் வர்ஜீனியா – வட கரோலினா எல்லையை அளந்த குழுவில் பேர்ட் ஆணையராக இருந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று வெளியுலகுக்கானது. மற்றொன்று ‘இரகசிய வரலாறு’, நண்பர் வட்டத்துக்கானது. இரண்டுமே அவர் காலத்தில் அச்சேறவில்லை. முதலாவது 1841-லும் இரண்டாவது 1929-லும் வெளிவந்தன.

இரகசிய வரலாற்றில் குழுவினருக்குக் கேலிப்பெயர்கள் உண்டு. பேர்ட் தனக்கு ‘நிதானமானவர்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டிக்கொண்டார். குழுவினர் வழியிலுள்ள பெண்களிடம் அத்துமீறியதை அதில் எழுதினார். பொது வரலாற்றில் அவற்றை நீக்கி, வட கரோலினாக் குடியேறிகளின் சோம்பலைக் கிண்டல் செய்யும் பகுதிகளை வளர்த்தார்.

நடையழகிலும் நகைச்சுவையிலும் எல்லைக்கோட்டு நூல்களே பேர்டின் சிறந்த ஆக்கங்கள். 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்க உரைநடையில் அவற்றின் இடம் உறுதியானது. ஆனால் யாருக்கு எதைக் காட்டுவது என்று நன்கறிந்த ஒருவரின் எழுத்து அவை. நாட்குறிப்பில் அந்தத் தேர்வு இல்லை. எதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லையோ அது அதில் அப்படியே இருக்கிறது. யூஜினின் தண்டனையை அவர் மறைக்காததற்குக் காரணம் நேர்மை அல்ல. அதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

1736-ல் எக்மாண்ட் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், அடிமைகளை வரம்பின்றி இறக்குமதி செய்வதை பேர்ட் கண்டித்தார். அடிமைமுறை வெள்ளையரைச் சோம்பேறிகளாக்குகிறது, உடைமையாளரைக் கடுமையாக நடக்க வைக்கிறது, ஒருநாள் பெரும் கலகத்துக்கு வழிவகுக்கும் என்றார். ஜார்ஜியாவில் அடிமைமுறை தடைசெய்யப்பட்டதைப் பாராட்டினார். தன் அடிமைகளை விடுவிக்கவில்லை. இக்கடிதத்தைக் கொண்டு அவரை அடிமைமுறையின் எதிர்ப்பாளர் என்று சிலர் காட்ட முற்படலாம். அதில் அவர் அஞ்சுவது அடிமைமுறை வெள்ளையருக்குச் செய்யும் தீங்கை. ஜென்னி அந்தக் கடிதத்திலும் இல்லை.

பிற்கால வாழ்க்கை

பேர்ட் 1715-ல் லண்டன் சென்றார். அடுத்த ஆண்டு லூசி அங்கே வந்து சேர்ந்தார். 1716 நவம்பரில் அம்மை நோயால் இறந்தார். பல செல்வப் பெண்களை மணக்க முயன்று தோற்றபின், 1724-ல் பேர்ட் மரியா டெய்லரை மணந்தார். லூசியின் நான்கு குழந்தைகளுள் எவலின், வில்ஹெல்மினா இருவரே வளர்ந்தனர். மரியாவுக்கு ஆன், மரியா, வில்லியம், ஜேன் என நான்கு பிள்ளைகள்.

1723-ல் எவலினை விரும்பிய ஒருவரைத் தந்தை ஏற்கவில்லை. அவரை மணந்தால் தன் சொத்தில் ஒன்றும் கிடைக்காது என்று மகளுக்குக் கடிதம் எழுதினார். எவலின் மணமாகாமலே 1737-ல் இறந்தார். வெஸ்ட்ஓவரில் அவரது ஆவி உலவுவதாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அந்தத் தோட்டத்தின் துயரத்துக்கு மக்கள் நினைவு தேர்ந்தெடுத்த முகம் உடைமையாளரின் மகளுடையது.

பேர்ட் 1744-ல் இறந்தபோது அவரிடம் சுமார் 1,79,000 ஏக்கர் நிலமும், குடியேற்றங்களின் மிகப்பெரிய தனியார் நூலகங்களுள் ஒன்றும் இருந்தன. நூலகத்தில் 3,500-க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. மகன் மூன்றாம் வில்லியம் சூதாட்டத்திலும் கடனிலும் அச்செல்வத்தை அழித்தார். 1768-ல் நிலங்களைக் குலுக்கல் முறையில் விற்றார். 1777 ஜனவரி 1 அன்று தற்கொலை செய்துகொண்டார். நூலகமும் விற்கப்பட்டுச் சிதறியது. மூன்று தலைமுறைகளில் எழுந்து வீழ்ந்த குடும்பம் என்று இதைச் சொல்வது வழக்கம். உடைமையாளர் கடனில் வீழ்ந்தால் முதலில் விற்கப்படுபவை அசையும் சொத்துகள். வர்ஜீனியாவில் அச்சொத்தில் மனிதர்களும் அடக்கம் என்பதையும் அக்கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

விமர்சனப் பார்வைகள்

நாட்குறிப்பு வெளிவந்த காலத்தில் பேர்ட் ‘அமெரிக்காவின் சாமுவேல் பீப்ஸ்’ என்று பாராட்டப்பட்டார். இந்த ஒப்பீடு பொருத்தமற்றது. பீப்ஸுக்கு உலகின்மேல் தீராத ஆர்வம் உண்டு. பேர்டின் நாட்குறிப்பில் ஆர்வத்தைவிட ஒழுங்கே மிகுதி. பீப்ஸ் என்ற பெயர் வந்ததும் வாசகர் சிரிக்கத் தயாராகிவிடுகிறார். அந்தச் சிரிப்பில் சவுக்கடிகள் ஒரு பழங்காலக் கனவானின் விசித்திரப் பழக்கங்களாக மங்கிவிடுகின்றன.

கென்னத் லாக்ரிட்ஜ் 1987-ல் எழுதிய நூலில், நாட்குறிப்பின் இறுக்கத்தை பேர்டின் உளவியலோடு இணைத்தார். ஏழு வயதில் பெற்றோரைப் பிரிந்து, ஆங்கிலக் கனவானாக முயன்று, ஒருபோதும் முழுமையாக ஏற்கப்படாத மனிதரின் தற்காப்பாக அதைக் கண்டார். கேத்லீன் பிரவுன் 1996-ல் எழுதிய நூலில், வர்ஜீனிய ஆண்களின் குடும்பத்தலைமை எவ்வளவு பதற்றம் நிறைந்தது என்பதற்குச் சான்றாக பேர்டின் இல்லற வாழ்வைக் கொண்டார்.

இவ்விரு ஆய்வுகளும் நாட்குறிப்பை வாசிக்கும் முறையை மாற்றியவை. லாக்ரிட்ஜின் வாசிப்பு நுட்பமானது. எனினும் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாட்குறிப்பின் ஒவ்வொரு வாக்கியமும் பேர்டின் காயத்துக்கு விளக்கமாகும்போது, ஜென்னியின் காயமும் அவருடைய காயத்துக்கான சான்றாகிவிடுகிறது. ‘இவர்கள் என் பாவத்துக்காகத் துன்புறுகிறார்கள்’ என்று பேர்ட் எண்ணியதை, உளவியல் மொழியில் விமர்சகரும் திரும்பச் சொல்பவராகிறார். பிரவுனின் பார்வை, அதிகாரத்தை ஒரு மனிதரின் மனத்தில் தேடாமல் வீட்டின் உறவுகளில் தேடுவதால், இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கிறது.

மதிப்பீடு

பேர்டின் நாட்குறிப்பின் மதிப்பு அதன் துணிச்சலான வெளிப்படைத்தன்மையில் இல்லை. பிரார்த்தனை, பால், ஹோமர், சவுக்கடி, ஆட்டிறைச்சி, மகனின் மரணம் ஆகிய அனைத்தையும் ஒரே நீளமுள்ள வாக்கியங்களில் வைக்கும் அதன் வடிவத்தில் இருக்கிறது. ஒரு வாழ்க்கை முறை தன்னைப் பற்றி அறியாமல் தந்த சாட்சியம் அந்த வடிவம். கற்றவர், பக்தர், மகனின் சாவுக்கு வருந்தியவர், நோயுற்ற அடிமையின் படுக்கைக்கு நேரில் சென்றவர் ஆகிய ஒருவரால் இப்படி வாழ முடிந்தது, நாளின் முடிவில் மனநிலை நன்று என்று எழுத முடிந்தது. அவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட்டால் நாம் இழப்பது இந்த அறிதலையே.

ஜென்னியும் யூஜினும் எழுதிய ஒரு சொல்கூட நம்மிடம் இல்லை. அவர்களைப் பற்றி நாம் அறிந்தவை அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தவரின் பேரேட்டில், அவருடைய கணக்குக்காக எழுதப்பட்ட சில வரிகள். அந்த வரிகளைக் கொண்டு அவர்களின் வாழ்க்கையைக் கற்பனை செய்து நிரப்புவது எளிது. அது இன்னொருவர் அவர்களுக்காகப் பேசுவதாகவே முடியும். வாசகர் செய்யக்கூடியது சிறியது, ஆனால் அவசியமானது. அவர்களின் பெயர் வரும் வரியில் நின்று, அதற்கு முந்தைய வரியையும் பிந்தைய வரியையும் வாசிக்க வேண்டும். சூட்டுக்கோலுக்கு அடுத்த வாக்கியத்தில் வெயில் வருகிறது. பேர்ட் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தயங்காமல் சென்றார். நாம் அந்த இடத்தில் தயங்கினால்தான் அந்நூலை வாசித்தவர்களாவோம்.